அரைப்பேர்

நாலாவது தடவையும் விளக்கு அணையவில்லை.
ட்ரைவின் நெற்றியில் சிவப்புப் பொட்டு
எரிந்தபடியே இருந்தால்
நாடாவைத் தலைகீழாய்ச் செருகியிருக்கிறாய் என்று பொருள்.
முப்பத்துநாலு காலில் ஒன்றாம் கால் எது என்று
பலகையில் எழுதாமல் விட்டது நான்தான்.

இதை முதலில் செய்த கொம்பனி
நான் பிறப்பதற்கு முன்பே கதவடைத்துவிட்டது.
வரைபடம் இல்லை.
யாரோ எடுத்த மங்கல் படம் ஒன்று,
அதுவும் முன்பக்கம் மட்டும்.
பின்பக்கத்தை நானே ஊகித்தேன்:
சிப்புக்கு அடியில் மறைகிற செம்புக் கோடு
எங்கே தலைநீட்டும் என்று,
தகரக் கூரையில் ஓடும் எலியைக்
காதால் பின்தொடர்வதுபோல.

ஹட்டனில் இதற்குச் சாமான் கிடையாது.
டிஸ்க்கை ஆளுகிற சிப்
கண்டியில் செத்துப்போன ஒரு டைப்பிங் மெஷினின்
வயிற்றிலிருந்து வந்தது.
மிச்சமெல்லாம் மஸாஹிர் நானாவின் பிஸ்கட் டின்னில்.
"இது என்னத்துக்குத் தங்கச்சி?
பென் ட்ரைவ் ஒண்டு ஆயிரத்தைந்நூறுதானே."
பச்சைப் பலகை சீனாவிலிருந்து.
கொழும்புத் தபாலில் ஏழு வாரம் கிடந்தது;
சுங்கத்தில் எழுதியிருந்தார்கள்:
விளையாட்டுச் சாமான்.

பெட்டியில் பத்து டிஸ்க்.
தோட்டத்து ஒபிசுக்கு வெள்ளையடித்த அன்று
குப்பைக்குப் போக இருந்தவை.
துரையின் மகன் விளையாடிச் சலித்த கொம்பியூட்டரில்
ஒரு கிளாக்கர் ஆறு மாதம் செக்ரோல் அடித்திருக்கிறார்.
ஒட்டிய தாளில் நீல மை:
86 மார்ச். கொழுந்து. ரெண்டாம் டிவிசன்.
உறைக்குள்ளே பூஞ்சணம்,
பூ விழுந்த கண்ணைப்போல.
இந்த ஊர்ப் பனிக்கு உப்பும் ஒன்றுதான் காந்தமும் ஒன்றுதான்.
பிளேடால் கீறி வட்டத்தை வெளியே எடுத்தேன்,
ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.
கொழுந்து வாட்டும் மாடியில் ஓர் இரவு காயவைக்க
டீமேக்கர் விட்டார், ஒன்றும் கேட்காமல்.

நாடாவைத் திருப்பினேன்.
விளக்கு அணைந்தது.
பிறகு, கூப்பிட்டபோது மட்டும் எரிந்தது.
மோட்டார் சுழல,
டக் டக் டக் என்று
தலை பூச்சியத்துக்கு நடந்து போனது.
எனக்குக் கை நடுங்கியது, குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

திரையில் பேர்கள்.

இங்கே பேர் என்றால் இரண்டு.
ஒன்று பெற்றவர்கள் வைப்பது.
மற்றது மடுவத்தில் போடுவது:
நிறுவை சரியென்றால் முழுப்பேர்,
கிலோ குறைந்தாலோ
அட்டைக்கடியும் மழையுமாய்ப் பாதியில் இறங்கினாலோ
அரைப்பேர்.

மூக்காயி: ஒன்று ஒன்று அரை ஒன்று.
செபமாலை: ஒன்று அரை அரை.
பதினேழாம் தடத்தில் தலை இடறியது.
திரும்பி வந்து படித்தது, திரும்பவும் இடறியது.
கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை என்றது மெஷின்,
அசல் கணக்கப்பிள்ளையாய்.
"அங்க" வரைக்கும் வந்தது.
அதற்குப் பின்
ஒரு சதுரம், ஒரு கேள்விக்குறி, ஒரு சதுரம்.
அங்கம்மாளோ அங்காயியோ அங்கயற்கண்ணியோ.

ஈ.பி.எப். காசுக்கு அலைகிற பரஞ்சோதி
எப்படியோ கேள்விப்பட்டு வந்தான்.
அம்மா அங்கம்மாள். ரெண்டாம் டிவிசன்.
"பிரிண்ட் ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா."
போட்டுக் கொடுத்தேன், சதுரங்களோடு.
தொழில் கந்தோரில் ஐயா கேட்டாராம்:
இதைப் படித்த மெஷின் எந்த வருசத்தது?
போன மாசம் செஞ்சது சார், என்றானாம் இவன்.
ஃபைலை மூடிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது.
நேற்றுப் பிறந்த சாட்சி
முப்பத்தெட்டு வருசக் கதையைச் சொல்ல வந்தால்
நானும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பேன்.

இன்றைக்குக் கரண்ட் போகவில்லை.
தலையைப் பிடித்திருக்கும் திருகாணியை
மயிரிழை தளர்த்துகிறேன்,
பதினேழுக்குப் போ என்கிறேன்.
போகிறது. சதுரம். கேள்விக்குறி.
இன்னும் ஒரு மயிரிழை.
அந்த வரியில் இலக்கங்களுக்கு ஒரு பழுதும் இல்லை:
மார்ச்சில் இருபத்தைந்து நாள்,
இருபத்தைந்தும் முழுப்பேர்.
யாருக்கு என்கிற இடத்தில்தான்
அரை.